ஆமா சொல்லும் சாமி

மணிமுத்தாறு,
பங்குனி 7.

அன்புள்ள முத்துமாலை மதினி அவர்களுக்கு, பிரேமலதா எழுதிக்கொள்வது.

வழக்கமான நலம் விசாரிக்கும் வரியை எழுதப் போய்க் கை நின்றுவிட்டது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் அது பொய். பொய்யில் தொடங்க வேண்டாம் என்று அந்த வரியை விட்டுவிட்டேன். அங்கே நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

தினமும் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நம் வீடு உங்களுக்குத் தெரியாததா. ஓர் அறை, ஓர் அடுப்படி. எந்த மூலையில் நின்று பேசினாலும் உங்கள் தம்பி காதில் விழும். அவருக்குப் பேச்சுதான் போயிற்று, காதும் புத்தியும் போகவில்லை. வருகிறவர்கள் அவர் முகத்துக்கு நேராகவே "இவுகளுக்கு நாம சொல்லுதது வெளங்குமா" என்று என்னிடம் கேட்கிறார்கள். எல்லாம் விளங்குகிறது, அதுதான் கொடுமை. இன்னொன்றும் உண்டு. போனில் நான் இதை ஆரம்பித்தால் நீங்கள் அழுதுவிடுவீர்கள். பிறகு நான்தான் உங்களைத் தேற்ற வேண்டும். போன வருஷம் முழுக்க அந்த வேலையைத்தான் செய்தேன். இனி முடியாது.

நாசர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மும்பைக்கு ரயிலேறுகிறார். நீங்கள் கேட்ட உடன்குடிக் கருப்பட்டியை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பெட்டியின் அடியில் இந்தக் கடிதம் இருக்கும். கருப்பட்டி கலப்பில்லாதது, உடைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

பிசான நெல் அறுப்பு முடிந்தது. கால்வாயில் தண்ணீரை அடைத்துவிட்டார்கள். வாழைக்காரர்கள் மோட்டாரை நம்பி இருக்கிறார்கள். தேன்மொழி திருநெல்வேலி ஜவுளிக்கடையிலேயே இருக்கிறாள். வாரம் ஒரு நாள் வந்து அப்பாவுக்கு நகம் வெட்டி, முகம் வழித்துவிட்டுப் போகிறாள். நான் பீடி சுற்றுகிறேன். பீடியைத் தொடவே கூடாது என்று டாக்டர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். பீடி சுற்றுகிறவள் வீட்டில் பீடியை எங்கே ஒளித்து வைக்க என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் உட்கார்ந்து சுற்றிவிட்டு வருகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் சுடலைமாடசாமிக்குச் சித்திரையில் கொடைத் திருவிழா என்று பந்தல்கால் நாட்ட நாள் குறித்துவிட்டார்கள். கோயில் நிர்வாகம் பார்க்கும் மணிராஜ் அண்ணாச்சி வீட்டுக்கே வந்து சொன்னார். இந்த வருஷமும் சாமி வந்து ஆடும் சாமிகொண்டாடி உங்கள் தம்பிதானாம். ஆட முடியாவிட்டால் என்ன, நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு போவார்களாம். நான் முடியாது என்றேன். அவர் சிரித்தார். "ஒங்க மதினி கேட்டதுக்கு அவனே சரின்னு சொல்லிட்டாம்லா. பெறகு என்ன" என்றார். அப்போதுதான் மாசி மாதம் நீங்கள் அவரிடம் போனில் தனியாக என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரிந்தது.

அண்ணாச்சி சொன்னபடி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், "கொடைக்கு வாரியாலே தொரை?" அவர் ஆமா என்றார். "வெரதம் இருப்பியாலே?" ஆமா. "மாத்திரைய நிப்பாட்டிருதியா? போன தடவ கடைசி நேரத்துல நிப்பாட்டினதாலதான் சாமிக்குக் கோவம். இந்தத் தடவ இப்பமே நிப்பாட்டிரு." அதற்கும் ஆமா.

மதினி, அவர் வாயில் மிச்சம் இருப்பது அந்த ஒரு சொல்தான். பசிக்கிறதா என்றாலும் ஆமா, பசிக்கவில்லையா என்றாலும் ஆமா. வேண்டாம் என்று சொல்ல நினைக்கும்போதும் அந்தச் சொல்தான் வெளியே வருகிறது. வந்தபின் அவரே திடுக்கிட்டு இடது கையால் தொடையில் அடித்துக்கொள்வார். மூளையில் பேச்சுக்கான இடத்தில் ரத்தம் போகாமல் செத்துவிட்டது, ஒன்றிரண்டு சொல் தப்பிப் பிழைக்கும், அது அவர் மனசில் இருக்கிற சொல்லாக இருக்காது என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார்கள். நம் ஊருக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை ஆனால் வெற்றிலையும் எலுமிச்சம்பழமுமாக வாசலில் ஆள் நிற்கிறது. மகளுக்கு இந்த வைகாசியில் கல்யாணம் முடியுமா சாமி? ஆமா. கிணற்றில் ஊற்றுக் கிடைக்குமா? ஆமா. கேட்டதற்கெல்லாம் ஆமா சொல்லும் சாமி யாருக்குத்தான் கசக்கும். மணிராஜ் அண்ணாச்சி இப்படிப்பட்ட சாமிகொண்டாடியை எளிதில் விடுவாரா.

போன கொடையில் நடந்ததை நீங்கள் உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள். நான் பார்த்ததை இதுவரை சொல்லவில்லை. நீங்கள் ஓடிவந்தபோது அவர் மூக்கில் குழாயோடு கிடந்தார், அங்கே வைத்துச் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை.

அவருக்குப் பிரஷர் இருந்தது உங்களுக்கும் தெரியும். சுகாதார நிலையத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்கி, காலையில் வாழை இலை அறுக்கப் போகுமுன் ஒன்று போட்டுக்கொள்வார். தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, எதற்கு இந்தச் சனியன் என்று முனகுவார், ஆனாலும் போட்டுவிடுவார். கொடைக்குக் கால் நாட்டிவிட்டால் கோயிலிலேயே கிடக்க வேண்டும், ஒருவேளைப் பச்சரிசிச் சோறு, பெண்டாட்டி முகத்தில் விழிக்கக் கூடாது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன், எனக்கு இதில் குறை கிடையாது. மாத்திரையை மட்டும் தாளில் மடித்துத் தேன்மொழியிடம் கொடுத்துவிடுவேன். அதைத் தின்றுகொண்டுதான் வருஷா வருஷம் ஆடினார். சுடலை அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

போன வருஷம்தான் நீங்கள் கோயிலுக்குப் போன் போட்டீர்கள். தேன்மொழி பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். "ஏலே தொரை, எங்க ஆஸ்பத்திரில கூட வேல பாக்குத ஒருத்தி சொன்னா, மாத்திரை ஒறைய மாட்டுக் கொழுப்புல செய்யுதாகளாம். வெரதத்துல அதத் திங்காதலே. சாமி காவல் இருக்கும்போது ஒனக்கு மாத்திரை என்னத்துக்கு." உறைக்குள் மருந்தை அடைத்து வரும் மாத்திரைக்கு யாரோ சொன்ன பேச்சு அது. உங்கள் தம்பி தின்றது உறையே இல்லாத வெள்ளை வில்லை. ஆனால் நீங்கள் சொன்னால் அவருக்கு அதற்கு மேல் பேச்சு ஏது. அத்தை செத்தபிறகு அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் நீங்கள். மடித்த தாள் மடித்தபடியே திரும்பி வந்தது. நான் தேன்மொழியை மறுபடி அனுப்பினேன், மறுபடியும் திரும்பி வந்தது.

மதியக் கொடை அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. நான் பெண்கள் நிற்கும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். மேளம் ஏறியது, சாமி வந்தது, வல்லய ஈட்டியைத் தூக்கிக்கொண்டு ஆடினார். எல்லாம் எப்போதும் போலத்தான். திடீரென்று வல்லயம் கீழே விழுந்தது. இத்தனை வருஷத்தில் சாமி கையிலிருந்து வல்லயம் விழுந்து நான் பார்த்ததில்லை. குனிந்து எடுக்கப் போனார், வலது கை போகவில்லை, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது போலக் கிடந்தது. பிறகு முகத்தைப் பார்த்தேன். வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது, வலப்பக்கம் எச்சில் வழிந்தது. ஏதோ சொன்னார், வார்த்தையே இல்லை, குழறல்.

ஊர் குலவை போட்டது. இப்படி உக்கிரமாகச் சாமி வந்ததே இல்லை என்றார்கள். நான் கயிற்றைத் தாண்டப் போனேன். "அண்ணாச்சி, அவுக கை தொங்குது, வாயப் பாருங்க, இது சாமி இல்ல" என்று கத்தினேன். மணிராஜ் அண்ணாச்சி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லதா, பைய நில்லு. சாமி எறங்குத வரைக்கும் அங்கன ஒனக்குப் புருசன் கெடையாது" என்றார். இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அவரைப் பீடத்துக்கு முன்னால் உட்காரவைத்து வரிசையாகக் குறி கேட்டார்கள். அவர் குழறியதை அண்ணாச்சி ஒவ்வொருவருக்கும் அவரவர்க்குத் தேவையான மாதிரி சொல்லிக்கொடுத்தார்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் வீடியோவில் வந்தீர்கள். யாரோ போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். உங்களைப் பார்த்ததும் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இடது கையை உங்களை நோக்கி நீட்டினார். அதை நான் பார்த்தேன் மதினி. பேச்சு போன மனிதன், அம்மாவைப் போல வளர்த்தவளைப் பார்த்து என்னைத் தூக்கு என்று கேட்டது அது. நீங்கள் கும்பிட்டீர்கள். "அப்பனே, எனக்காகக் கண்ணீர் விடுதியே, ஒனக்கு வெள்ளியில அங்கி செஞ்சு போடுதேன்" என்றீர்கள். அந்தச் சத்தம் ஒலிபெருக்கியிலும் கேட்டது.

விளக்கு வைக்கிற நேரம் வரை சாமி இறங்கவில்லை. மஞ்சள் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள், திருநீற்றை அள்ளி அடித்துப் பார்த்தார்கள். அவர் பக்கவாட்டில் சாய்ந்தபிறகுதான் எனக்குப் புருஷன் திரும்பக் கிடைத்தார். அம்பாசமுத்திரத்தில் காட்டி, அங்கிருந்து திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே கேட்ட முதல் கேள்வி, எப்போது ஆரம்பித்தது என்பது. மத்தியானம் என்றேன். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார்கள். அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறதாம், அதை நாலைந்து மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலனாம், அதற்குமேல் போட்டால் உள்ளே ரத்தம் கசிந்து ஆளுக்கே மோசமாம். "இவ்வளவு நேரம் வீட்ல என்னம்மா பண்ணுனீங்க" என்றார்கள். குறி கேட்டுக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்ல.

எனக்கு மணிராஜ் அண்ணாச்சி மேல்கூட அவ்வளவு ஆத்திரம் இல்லை. அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அம்பாசமுத்திரத்தில் நம் சொந்தக்காரர் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற வாத்தியார் கையிலிருந்து தம்ளர் நழுவிற்று. எல்லோரும் பித்தம் என்று சோடா உடைத்தார்கள். நீங்கள் எச்சில் கையோடு எழுந்து ஓடினீர்கள். "வாத்தியாரே, எங்க சிரிங்க. ரெண்டு கையையும் தூக்குங்க. ஒங்க பேரச் சொல்லுங்க" என்றீர்கள். அவர் சிரிப்பு ஒரு பக்கம் போயிற்று, ஒரு கை பாதியில் இறங்கிற்று. சோடா கொடுக்க வந்தவனைத் தள்ளிவிட்டு, "வாயில ஒண்ணும் ஊத்தாத, பொரையேறும். இது மூளை வாதம். நேரத்த விட்டா ஆளு போயிரும்லே, வண்டிய எடுங்க" என்று சத்தம் போட்டீர்கள். இப்படி வாய் கோணினவர்களை மும்பை ஆஸ்பத்திரியில் தினம் நாலு பேரைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறோம் என்று அன்று சாயங்காலம் பெருமையாகச் சொன்னீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த வாத்தியார் இன்றைக்கும் கடைக்கு நடந்துபோய்ப் பேப்பர் வாங்குகிறார்.

வாத்தியாருக்கு வாய் கோணினால் வாதம், உங்கள் தம்பிக்குக் கோணினால் சாமியா? பந்தலில் நின்று கை தொங்குகிறது என்று நான் கத்தியதே, நீங்கள் அன்று சொல்லிக்கொடுத்ததை வைத்துத்தான். அதை நீங்களே கேட்கவில்லை. இந்த ஒரு கேள்வியை ஒரு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தேன். இன்றைக்குத் துப்பிவிட்டேன்.

உங்கள் அப்பாவை, என் மாமாவை, நான் பார்த்ததில்லை, நீங்கள் சொல்லக் கேட்டதுதான். கொடையில் ஆடிக்கொண்டே பீடத்தில் சாய்ந்தார், சுடலை அழைத்துக்கொண்டது, யாருக்குக் கிடைக்கும் அந்தச் சாவு என்பீர்கள். கடைசியில் ஒரு பக்கமாகச் சிரித்தபடியே போனார் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வீர்கள். அந்த ஒரு பக்கச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதை ஒத்துக்கொண்டால் மாமாவின் சாவைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டி வரும். அது வேண்டாம் என்று நீங்கள் கண்ணை மூடிக்கொண்டால் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கண்ணை மூடுவதற்கு என் புருஷன் உயிரைக் கேட்காதீர்கள்.

அடுத்தது நான் அவரை மனநோய் டாக்டரிடம் கூட்டிப்போன விஷயம். என் தம்பியைப் பைத்தியம் என்று முத்திரை குத்தப் பார்க்கிறாயா, ஊரில் எங்கள் குடும்பப் பேரைக் கெடுக்கிறாயா என்று போனில் திட்டினீர்கள். தேன்மொழிக்கு வரன் வராது என்றீர்கள். நான் ஏன் போனேன் என்று நீங்கள் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கால் கொஞ்சம் ஊன்ற ஆரம்பித்தபின் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சோறு இறங்கவில்லை. விடியுமுன்னே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பார். தேன்மொழி வந்தால்கூட முகம் மலராது. சாமி கையிலிருந்த வல்லயத்தைப் போட்டுவிட்டோம் என்ற எண்ணம் அவரை அரித்தது. வெறுங்கையைத் திரும்பத் திரும்ப எனக்குக் காட்டி அழுவார், அதிலிருந்துதான் புரிந்துகொண்டேன். வந்தவர்கள் சாமி குற்றம் என்று அவர் எதிரிலேயே பேசினார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் ஆற்றுக்குப் போனார் அல்லவா, ஆடு மேய்க்கிறவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்களே. சாமி தீர்த்தமாடப் போயிற்று என்று ஊர் சொன்னது. உங்களிடம் நானும் வழுக்கி விழுந்தார் என்றுதான் சொன்னேன். குளிக்கப் போகிறவர் விரலில் கிடந்த கல்யாண மோதிரத்தைக் கழற்றி என் பீடித் தட்டில் வைத்துவிட்டுப் போவாரா மதினி. மழைத் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்த நாள் அது. ஒரு கையால் அதில் நீந்த முடியாது என்று அவருக்குத் தெரியாதா.

அதற்குப் பிறகுதான் போனேன். இந்த மாதிரி வாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு இப்படி மனம் உடையும், இது பைத்தியமும் இல்லை, பிடிவாதமும் இல்லை, இதுவும் ஒரு நோய், இதற்கு மருந்து உண்டு, மருந்து பிடிக்கச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னார். எதிரில் உட்காரவைத்து, உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அவரிடமே சொன்னார். அவர் ஆமா என்றார். அன்றைக்கு மட்டும் அந்தச் சொல் அவர் மனசிலிருந்து வந்தது போல இருந்தது.

மார்கழிக்குள் சோறு கேட்டுத் தட்டைத் தட்ட ஆரம்பித்தார். தையில் ஒரு நாள் பின்பக்கம் போய், இடது கையால் கத்தியைப் பிடித்து ஒரு வாழை இலையை அறுத்துக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார். கிழிசல் இலைதான். அதில்தான் அன்றைக்கு நான் சாப்பிட்டேன்.

பிறகு மாசி வந்தது, உங்கள் போனும் வந்தது.

பங்குனி 9.

முந்தாநாள் இதோடு நிறுத்திவிட்டேன், அவர் சுவரைத் தட்டிக் கூப்பிட்டார். இன்று சொல்ல வேண்டியது வேறு வந்துவிட்டது.

ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று தினமும் என் கையால் கொடுத்து, அவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். ஆனாலும் சில வாரமாக ஆள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். தட்டைத் தட்டுவதில்லை. ஏன் என்று புரியாமல் இருந்தேன். இன்று காலை சாமி மாடத்தைத் துடைத்தேன். திருநீற்றுக் கொப்பரை கனத்தது. உள்ளே கைவிட்டால் திருநீற்றுக்கு அடியில் அத்தனையும் மாத்திரை. கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, நான் நகர்ந்ததும் துப்பி, சுடலைக்கே காணிக்கையாகப் போட்டிருக்கிறார். பாதி கரைந்து திருநீற்றோடு கட்டிபட்டுக் கிடந்தது.

உடனே ஆட்டோ வைத்துச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பிரஷரைப் பார்த்த நர்ஸம்மா மறுபடியும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். அவ்வளவு ஏறியிருக்கிறது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். புதிதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை அவர் வாயில் போட என்னால் முடியவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், காலைப் பிடித்தேன். தேன்மொழியும் போனில் அழுதாள். உதட்டை இறுக்கிக்கொண்டு, உங்கள் போட்டோ மாட்டியிருக்கிற சுவரைக் காட்டுகிறார். எக்கா சொல்லியிருக்கிறாள் என்பதுதான் அர்த்தம், வேறென்ன.

ஆகவே மதினி, நான் இவ்வளவு கசப்பையும் கொட்டிவிட்டு உங்களிடமே கையேந்தி நிற்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். மன்னிப்பதற்கு எனக்கு நாள் வேண்டும், அவருக்கு அவ்வளவு நாள் இல்லை. இது கருப்பட்டிப் பெட்டியில் வந்து சேரும்வரை காத்திருக்கவும் முடியாது. தேன்மொழி திருநெல்வேலியிலிருந்து கிளம்பிவிட்டாள், இதை முடிப்பதற்குள் வந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவாள். தாளும் பின்னால் வரும், அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி அங்கி செய்தாகிவிட்டது என்றீர்கள். கொண்டுவாருங்கள், சுடலைக்குப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. நானும் அந்தச் சாமியைக் கும்பிடுகிறவள்தான். என் சுடலை ஊரைக் காவல் காக்கிற சாமி, கீழே விழுந்தவனைப் பார்த்துக் குலவை கேட்கிற சாமி இல்லை. சாமிகொண்டாடியாக வேறு யாரை நிறுத்துவது என்று மணிராஜ் அண்ணாச்சியிடம் நீங்கள் பேசுங்கள். நான் சொன்னால் பெண்டாட்டி பேச்சு. நீங்கள் அந்த வீட்டுப் பிறப்பு.

நீங்களும் ஒருமுறை உங்கள் ஆஸ்பத்திரியிலேயே கையை நீட்டிப் பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் மாமா பெற்ற பிள்ளைதான். நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும். இதை ஒப்புக்கு எழுதவில்லை.

இதைப் படித்தவுடன் போன் செய்யுங்கள். நான் அவர் காதில் வைக்கிறேன். ஆனால் அவரிடம் ஒன்றும் கேட்காதீர்கள். மாத்திரை தின்னுதியாலே என்று கேட்டால் ஆமா என்பார், நீங்களும் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவீர்கள். சாகப் போறியாலே என்று கேட்டாலும் அதே ஆமாதான். அதனால் கேட்க வேண்டாம், சொல்லுங்கள். நிறுத்தச் சொன்ன அதே வாயால், தின்னுலே தொரை என்று சொல்லுங்கள். மாத்திரையையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் போனுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி இசக்கிதுரையின் மனைவி,
பிரேமலதா.